தறப்பாளில் தேங்கும் மழைநீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

தென்மேல் பருவமழையில் கோழிக்கூடு சரிந்தால் காற்றைத்தான் குறை சொல்கிறோம். கூரைத் தறப்பாளில் தேங்கும் நீரை யாரும் பார்ப்பதில்லை. ஒரு சதுர மீற்றரில் 5 சென்ரிமீற்றர் நீர் நின்றாலே பாரம் 50 கிலோ! வலையின் மேல் தட்டையாக விரித்தால் நடுவில் குழி விழும்; அடுத்த மழையும் அந்தக் குழிக்கே ஓடிவரும். முகட்டுக் கம்பு கொடுத்து, 4 அடிக்கு 1 அடியாவது சரிவு வையுங்கள். கம்பு முனையில் பழைய ரயர்த் துண்டைச் சுற்றாவிட்டால் தறப்பாள் கிழியும்.

தயவுசெய்து நான்கு பக்கமும் மூடாதீர்கள். தரையில் பரப்பிய உமி எச்சத்தோடு நனைந்தால் எழும் அமோனியா வாயு கோழியின் கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். சாரல் அடிக்கும் பக்கத்தை மட்டும், மேலே ஓரடி விட்டு மறையுங்கள். நனைந்த உமியை அன்றே அள்ளிவிட வேண்டும். இரத்தக்கழிச்சல் நோய் பரவ அந்த ஈரம் உதவும்.

கோழி வளர்ப்போர் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06