மாடியில் இருக்கும் மகளுக்கு

கும்பகோணம்
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன்னோடு தங்கிவிட்டு மொரீஷியஸிலிருந்து வந்து இறங்கி இன்றோடு பதினெட்டு நாள். விமானத்தில் உட்கார்ந்தே வந்ததில் வீங்கியிருந்த அம்மாவின் கால் இப்போது வடிந்துவிட்டது. நீ கொடுத்த வெனிலாக் காய் வாசம் மட்டும் பீரோவை விட்டுப் போகவே இல்லை.

வியாழக்கிழமை போனில் கேட்டாயே, "விசா முடியப்போகுது, இன்னொரு வருஷம் புதுப்பிக்கட்டுமா, இல்ல வந்துடட்டுமாப்பா" என்று. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிட்டது. இது போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அம்மா பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவாள்.

நீ முதலில் கிளம்பியபோது எனக்குப் பிடிக்கவில்லை. கம்பெனி ஜெர்மனியில், நாங்கள் கும்பகோணத்தில், நீ இரண்டுக்கும் சம்பந்தமில்லாத ஒரு தீவில் என்றால் எந்தத் தகப்பனுக்குச் சரியென்று படும்? மொரீஷியஸ் கொடுக்கிற அந்த பிரீமியம் விசா விவரத்தை மூன்று தடவை படித்தேன், எங்கேயாவது வலை விரித்திருக்கிறார்களா என்று. 2020-இல் கொரோனாவால் சுற்றுலா நின்றுபோனபோது கொண்டுவந்த ஏற்பாடு. நான் படித்தபோது கட்டணம் கிடையாது. மாதம் 1,500 டாலராவது வருமானம் வேண்டும், அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், உள்ளூரில் வேலைக்குப் போகக் கூடாது, ஒரு வருஷம் முடிந்தால் புதுப்பிக்கலாம். வேறு வில்லங்கம் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. அந்த மட்டில் மனது ஆறியது.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷத்தில் 183 நாள் தங்கிவிட்டால் அந்த நாட்டு வரிக் கணக்கில் நீயும் ஒரு ஆள். ஒரு ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசு, இணையத்தில் படித்ததை நம்பி இருந்துவிடாதே. இங்கே உன் சேமிப்புக் கணக்கை இன்னும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றவில்லை. பேங்கில் என்னென்ன காகிதம் கேட்கிறார்கள் என்று நான் விசாரித்து வைக்கிறேன். அப்புறம், நீ ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறவள். பி.எஃப். இல்லை, கிராஜுவிட்டி இல்லை. 2020 ஜனவரி 31-ஆம் தேதி எல்லோரோடும் சேர்ந்து நான் பி.எஸ்.என்.எல்.லிலிருந்து விருப்ப ஓய்வில் வெளியே வந்தபோது பென்ஷன் என்று ஒன்று பின்னால் இருந்தது. உனக்கு அதை நீயேதான் மாதாமாதம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெற்குக் கரையில் பே து ஜாக்கோத்தே என்ற இடத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "அங்க ஒண்ணுமே இல்லையேப்பா" என்றாய். அங்கேதான் சேஃப் கேபிள் கரையேறுகிறது. தென்னாப்பிரிக்காவில் புறப்பட்டு, ரீயூனியன் தீவைத் தொட்டு, மொரீஷியஸைத் தொட்டு, நம் கொச்சிக்கு வந்து, அங்கிருந்து பினாங்கு வரை போகிற கடலடிக் கம்பி. 2002-இலிருந்து ஓடுகிறது. நான் டெலிபோன் டிபார்ட்மென்டில் இருந்தபோது அதன் வரைபடத்தை ஒரு பயிற்சி வகுப்பில் காட்டினார்கள். கொச்சிக்கு அடுத்த புள்ளியாக மொரீஷியஸ் என்று போட்டிருந்தது. நம் வீட்டிலிருந்து ஒருத்தி அந்தப் புள்ளியில் போய் உட்காருவாள் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்?

முப்பத்தைந்து வருஷம் கேபிள் ஜாயின்ட் போட்டவன் நான். குழிக்குள் இறங்கி, மேலே கூடாரம் கட்டி, வெள்ளை-நீலம், வெள்ளை-ஆரஞ்சு, வெள்ளை-பச்சை என்று ஜோடி ஜோடியாகப் பிரித்து முறுக்கின கை இது. அந்தக் கரையில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லைதான். மணல், அலை, தூரத்தில் பவளப்பாறை மேல் வெள்ளைக் கோடு. ஆனால் நடுக்கடலில் தோட்டத்துக் குழாய் பருமனே இருக்கிற ஒரு கம்பி அந்தத் தண்ணீருக்கடியில் கிடக்கிறது, அதன் மறுமுனை கொச்சியில் இருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதனால் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

உன் வீட்டு ஜன்னலில் நான் செய்துவிட்டு வந்ததையும் சொல்லிவிடுகிறேன், யாராவது மாற்றிவிடப் போகிறார்கள். ஃபைபர் வயர் வெளிச்சுவர் வழியே இறங்கி நேராக ஓட்டைக்குள் சரிந்து வந்துகொண்டிருந்தது. மழைத் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்து அந்த வெள்ளைப் பெட்டியின் தலையில் சொட்டியிருந்தது. கறை இருந்ததே, அதுதான். வெளியே வயரை ஒரு முழம் கீழே தொங்கவிட்டு, வளைத்து மேலே ஏற்றி, அப்புறம் உள்ளே விட்டிருக்கிறேன். தண்ணீர் வளைவின் அடிக்கு வந்து கீழே சொட்டிவிடும். அந்த வளைவை இறுக்கி மடிக்காதே. உள்ளே இருப்பது கண்ணாடி இழை, மடித்தால் ஒளி கசியும். உள்ளங்கை அகலம் இருந்தால் போதும்.

இந்தக் கம்பி உன்னை எவ்வளவு நன்றாகச் சேர்த்து வைத்திருக்கிறது என்று நானே பார்த்தேன். ஜெர்மனியில் ஒன்பது மணி என்றால் உனக்குப் பதினொன்று, அவர்களுக்குக் குளிர்காலம் வந்தால் பன்னிரண்டு. ஒரு நிமிஷம் பிந்தாமல் உட்கார்ந்தாய். அவர்கள் வீட்டு நாய் பெயர்கூட உனக்குத் தெரிகிறது. எங்களுக்கும் தினம் ராத்திரி போன் செய்கிறாய். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால், பாப்பா, அந்த வீட்டுக்கு நீ குடிவந்து பதினொரு மாதம் ஆகியும், கீழ்வீட்டு அம்மாவின் பெயர் உனக்குத் தெரியவில்லை. வாடகையை போனிலேயே அனுப்பிவிடுகிறாய், சந்திக்கவே வேண்டியிருப்பதில்லை.

நான் போன மூன்றாம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. காலையில் நாலரைக்கே விழிப்பு வந்துவிடும், இங்கே அப்போது ஆறு மணி அல்லவா. கீழே இறங்கி நடந்தால் அந்த அம்மா வாசலில் செம்பருத்தி பறித்துக்கொண்டிருப்பார். "வணக்கம்" என்றார். நான் படபடவென்று தமிழில் ஆரம்பித்தேன். சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். வணக்கத்தோடு அவருக்குத் தமிழ் முடிந்துவிட்டது. மீதியெல்லாம் அந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோல். "எப்படி இருக்கீங்க" என்பதற்கு நான் "கி மான்யேர்" கற்றுக்கொண்டது அவரிடம்தான். மறுநாள் தட்டில் பருப்பு வடை கொண்டுவந்து கொடுத்தார். அங்கே அதற்குப் பெயர் காத்தோ பிமா. வெங்காயத்தாள் போட்டிருந்தார், மற்றபடி உன் பாட்டி சுட்ட வடையேதான். அதைப் பன்னுக்குள் வெண்ணெயோடு வைத்துத் தின்ன வேண்டும் என்று கையால் செய்து காட்டினார். அம்மா அன்றைக்கு இரண்டு தின்றாள்.

தைப்பூசத்துக்கு கோர் து கார்த் மலையடிவாரத்து முருகன் கோயிலுக்குப் போனதும் அவர் கூப்பிட்டுத்தானே? அங்கே தைப்பூசக் காவடிக்கு நாடு முழுக்க அரசு விடுமுறை. பத்து நாள் விரதம் இருந்து, கன்னத்தில் அலகு குத்தி, கொதிக்கிற தார் ரோட்டில் நடந்து வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வராது. ஆனால் "வேல் வேல்" என்று ஒரே குரலில் வந்தது. உன் ஜன்னலைத் திறந்தால் அந்த மலைதான் தெரிகிறது. உன் வீடியோ மீட்டிங்கிலும் உனக்குப் பின்னால் அதுதான் தெரிகிறது. அதன் அடிவாரத்துக்கு நீ அன்றைக்குத்தான் முதல்முறையாக வந்தாய்.

நாங்கள் கிளம்புவதற்கு முந்தின வாரம் வந்த புயலைப் பற்றி நாம் பேசவே இல்லை. மூன்றாம் எச்சரிக்கை கொடுத்ததும் பஸ், கடை எல்லாம் நின்றுபோயின. ராத்திரி கரன்ட் போனது, பின்னாலேயே நெட். நீ போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு ஜன்னல் நடந்தாய். அந்த வாரம் உனக்கு ஏதோ ரிலீஸ். "எல்லாம் போச்சுப்பா" என்று சொல்லிச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாய். உன்னை நான் அப்படிப் பார்த்தது பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்கு அப்புறம் அன்றைக்குத்தான்.

அப்போது கதவைத் தட்டியது கீழ்வீட்டு அம்மா. வாளி, அண்டா, குளிக்கிற தொட்டி எல்லாவற்றிலும் மத்தியானமே தண்ணீர் பிடித்து வைத்திருந்தார். மெழுகுவத்தி, பேட்டரி ரேடியோ, கேஸ் அடுப்பு எல்லாம் தயார். 1960-இல் கரோல் புயல் அடித்தபோது அவருக்குப் பத்து வயது. ஓலையும் தகரமும் போட்டிருந்த அவர்கள் வீட்டுக் கூரை ராத்திரியில் பறந்துவிட்டதாம். நீ கிரியோலை அரைகுறையாகப் புரிந்து எனக்குச் சொன்னாய். அந்த வருஷத்துக்குப் பிறகுதான் அந்தத் தீவில் கான்கிரீட் வீடுகள் பெருகின. அந்தத் தட்டையான மொட்டை மாடிகளைப் பார்த்து நம் ஊர் மாதிரி இருக்கிறதே என்று அம்மா சொன்னாள் இல்லையா, அதற்குப் பின்னால் இருப்பது இந்தப் புயல்தான்.

2018 நவம்பரில் கஜா அடித்தபோது நான் பட்டுக்கோட்டைப் பக்கம் கம்பம் நட்டுக்கொண்டிருந்தேன், மூன்று வாரம் வீட்டுக்கு வரவில்லை. விழுந்து கிடக்கிற போஸ்டைப் பார்த்தால் எந்த லைன் அறுந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் எந்த வீட்டில் தனியாக ஒரு கிழவி இருக்கிறாள், யாருக்கு இன்சுலின் தீர்ந்திருக்கும் என்பது டீக்கடைக்காரருக்குத்தான் தெரிந்திருந்தது. அவர் சொல்லச் சொல்ல, முதலில் அந்த வீடுகளுக்குத்தான் ஆள் போனது. உன் தெருவில் உன்னைப் பற்றி அப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டே யோசித்தேன். ஒருவர் இருந்தார். அவரையும் நான்தான் உனக்கு அறிமுகம் செய்து வைத்திருந்தேன்.

அதனால் என் பதில் இதுதான். புதுப்பித்துக்கொள். உன் வேலை நன்றாக இருக்கிறது, உடம்பு தேறியிருக்கிறது, சென்னையில் இருந்த இருமல் போய்விட்டது. ஆனால் இந்த இரண்டாம் வருஷத்தில் அந்த ஊரில் நாலு பேருக்கு உன்னைத் தெரிந்திருக்க வேண்டும். கிரியோல் ஒழுங்காகக் கற்றுக்கொள். உனக்குப் பதினொரு மணிக்குத்தானே வேலை, காலையில் ஒரு மணி நேரம் கீழே போய் உட்கார். அவரே சொல்லிக்கொடுப்பார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போ. சாமி கும்பிடாவிட்டாலும் பரவாயில்லை, பாத்திரம் கழுவுகிற இடத்தில் போய் நில். ஏழு கறியோடு வாழை இலையில் சாப்பாடு போடுகிறார்களே, பரிமாற ஆள் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.

அப்புறம், நீ எனக்குக் கொடுத்த மொரீஷியஸ் 100 ரூபாய் நோட்டு டைரியில் பத்திரமாக இருக்கிறது. அதில் தமிழில் எழுதியிருப்பதை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கூட வேலை பார்த்தவர்களிடம் எல்லாம் காட்டினேன். அந்த நோட்டில் இருக்கிற படம் ரங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ் வம்சாவளித் தலைவருடையது. 1998-இல் புது நோட்டு அடித்தபோது தமிழ் எழுத்தை வரிசையில் கீழே தள்ளிவிட்டார்கள் என்று அங்கே இருக்கிற தமிழர்கள் எழுந்து நின்றார்கள். அடித்த நோட்டுகளை அரசாங்கம் திரும்பப் பெற்றது. தமிழ் பேச வராதவர்கள் செய்த காரியம் அது, பாப்பா. எனக்கு அதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

கடைசியாக ஒரு வேலை. நம் நாட்டுக் கூலிகள் கப்பலில் வந்து இறங்கிய 'ஆப்ரவாசி காட்' படித்துறையில் அந்தப் பதினாறு படிகளை ஏறிப் பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலம், கீழ்வீட்டு அம்மா ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார். 1834-இலிருந்து அந்தத் தீவில் வந்து இறங்கிய கூலிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் போட்டுப் பதிந்திருக்கிறார்களே, அந்தப் பதிவுகள் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. அங்கே எழுதிக் கேட்டு, தன் கொள்ளுத்தாத்தாவின் பதிவை நகல் வாங்கி வைத்திருக்கிறார். பெயர், வயது, உயரம், அப்புறம் ஊர். அந்த ஊர்ப் பெயரை விரலால் தொட்டுக் காட்டி, தெரியுமா என்று கண்ணாலேயே கேட்டார். மாவட்டம் தஞ்சாவூர் என்று தெளிவாக இருந்தது. ஊரை வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருந்தான். "கோடவாசெல்." அப்போது எனக்குப் பிடிபடவில்லை, பார்க்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

நேற்று பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோது கண்டக்டர் கூவினார்: "குடவாசல், குடவாசல்!" நான் அப்படியே நின்றுவிட்டேன்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன். கோணேசுவரர் கோயில், குளம், கடைத்தெரு, எல்லாவற்றையும் படம் எடுத்து உனக்கு அனுப்புகிறேன். நீ அதை அவருக்கு போனில் அனுப்பிவிடாதே. கீழே இறங்கிப் போய், பக்கத்தில் உட்கார்ந்து காட்டு. அவர் என்ன சொன்னார் என்று ராத்திரி எனக்குச் சொல்.

அன்புடன்,
அப்பா