நாலரை மாதக் குட்டிக்கு ஆபரேஷன் செய்தது ஏன்? – நம் கிளினிக்கிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள பூனை வீட்டுக்காரர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்களில் பலருக்கும் அந்தக் குரல் பதிவு வந்திருக்கும். "நாலரை மாசக் குட்டி, பால்குடி மறந்து ரெண்டு மாசம்தான் ஆகுது, அதோட இடுப்பைக் கிழிச்சுக் கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க, எல்லாம் காசுக்காக" என்று ஒருவர் பேசியிருந்தார். எனக்கே அது ஆறு பேர் வழியாக வந்து சேர்ந்தது. பேசியவர் யாரென்று விசாரிக்கவில்லை. தையல் போட்ட குட்டியைப் பார்த்து மனசு கேட்காமல்தான் பேசியிருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆனால் "காசுக்காக" என்ற சொல் மட்டும் தூங்கவிடவில்லை. திருப்பரங்குன்றத்திலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி வருகிறவர்கள் நீங்கள். பதினான்கு வருடமாக என்னைத் தெரிந்தவர்கள். உங்களுக்கு முழுதாகச் சொல்லிவிடுவதுதான் முறை. குட்டியின் வீட்டாரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அது மூன்று நிறக் குட்டி. (மூன்று நிறம் கலந்த பூனை ஏறக்குறைய எப்போதும் பெட்டையாகத்தான் இருக்கும், கவனித்திருப்பீர்கள்.) எடை 1 கிலோ 800 கிராம். தடுப்பூசி எல்லாம் போட்டு முடித்தாயிற்று. ஆபரேஷன் முடிந்து இரண்டு மணி நேரத்தில் எழுந்து நின்று சாப்பாட்டுத் தட்டைத் தேடியது. அதே வீட்டில் அதோடு பிறந்த கடுவன் குட்டியும் வளர்கிறது. பூனைகளுக்கு அண்ணன் தங்கச்சி என்ற கணக்கு கிடையாது. இன்னும் ஒரு மாதம் பொறுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அந்த வீட்டம்மாவுக்குத் தெரியும். போன தடவை அவர் வளர்த்த பூனைக்கு அதுதான் நடந்தது.

உங்களில் பழையவர்கள் கேட்பது வேறு கேள்வி. "எங்க முதல் பூனைக்கு ஆறு மாசம் கழிச்சுக் கொண்டுவாங்கன்னீங்க, இப்ப நாலுங்கிறீங்களே டாக்டர்?" நியாயமான கேள்வி. ஆமாம், அப்போது அப்படித்தான் சொன்னேன். படித்த காலத்தில் எங்களுக்கு ஆறு மாதம் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் அதையே உங்களுக்குச் சொன்னேன். ஆனால் ஆறாம் மாதத்துக்கு ஆபரேஷன் தேதி கொடுத்து அனுப்பிய குட்டிகளில் சில, அந்தத் தேதியில் வயிற்றில் குட்டியோடு வந்தன. மேஜையில் கிடத்திய பிறகுதான் சினை என்று தெரிந்த நாட்களும் உண்டு. அந்த வீட்டாரிடம் வெளியே வந்து அதைச் சொல்ல நேர்ந்ததை நான் மறக்கவில்லை. தப்பு அவர்களுடையது இல்லை, நான் கொடுத்த தேதியுடையது.

பெட்டைக் குட்டி நான்கு மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம். பெரும்பாலானவை ஐந்துக்கும் ஒன்பதுக்கும் நடுவில் வரும். குளிர் நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் பூனைகள் பருவத்துக்கு வராமல் ஓய்ந்திருக்கும், வெயில் நீளும்போதுதான் ஆரம்பிக்கும். நம் மதுரையில் வருடத்தின் மிக நீளமான பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். அதனால் இங்கே மார்கழி, ஆடி என்று பார்ப்பதில்லை, எந்த மாதமும் வரும். ஒரு ராத்திரி குட்டி தரையில் உருண்டு, பின்பக்கத்தைத் தூக்கி, அடித்தொண்டையில் கத்தும். வயிற்றுவலி என்று நினைத்து விடியற்காலையில் எனக்குப் போன் செய்தவர்கள் உங்களில் நிறையப் பேர். அது வயிற்றுவலி இல்லை. பெரும்பாலும் கடுவனோடு சேர்ந்தால்தான் பூனைக்குக் கருமுட்டையே வெளிவரும் என்பதால், கூடினால் சினை பிடிக்காமல் போவது அபூர்வம். 63, 65 நாளில் குட்டி போட்டுவிடும். அதாவது ஐந்து மாதத்தில் சேர்ந்தால் ஏழு மாதத்தில் தாய். அதன் உடம்பே இன்னும் வளர்ந்து முடிந்திருக்காது. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சினையாகவும் முடியும்.

2016-இல் அமெரிக்காவில் பூனை மருத்துவர்களும் காப்பக மருத்துவர்களும் கூடிப் பேசி, வளர்ப்புப் பூனைகளுக்கு ஐந்து மாதத்துக்குள் செய்துவிடலாம் என்று பரிந்துரை சொன்னார்கள். அடுத்த வருடம் அந்த நாட்டுக் கால்நடை மருத்துவச் சங்கமும் அதை ஆதரித்தது. பிரிட்டனில் நான்கு மாதம் என்றே சொல்கிறார்கள். இதையெல்லாம் படித்த பிறகுதான் நான் தேதியை மாற்றினேன். சத்தமில்லாமல் மாற்றிவிட்டேன் என்பது என் குறைதான், உங்கள் எல்லாருக்கும் அப்போதே எழுதியிருக்க வேண்டும்.

"ஒரு ஈத்தாவது போடட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பாசத்தில் சொல்கிறார்கள், ஆனால் ஒரு தடவை குட்டி போடுவதால் பூனையின் உடம்புக்கு எந்த நன்மையும் இல்லை. முதல் பருவத்துக்கு முன்னால் செய்வதில்தான் பெரிய நன்மை இருக்கிறது. பூனைக்கு மார்பில் கட்டி வந்தால் பத்தில் எட்டு ஒன்பது புற்றாகவே இருக்கும். ஆறு மாதத்துக்கு முன் கருத்தடை செய்த பூனைகளுக்கு அந்த ஆபத்து 91 சதவீதம் குறைந்ததாக 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. ஒரு வயதுக்குள் செய்தால் 86. இரண்டாம் வருடத்துக்குத் தள்ளிவிட்டால் அந்த எண் 11-க்கு இறங்கிவிடுகிறது. மார்பில் கட்டியோடு வந்த பூனையைக் கையில் வாங்கிப் பார்த்தவள் நான். அதனால்தான் இந்த விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதமாகப் பேசுகிறேன்.

இப்போது அந்தக் காசு விஷயம். நான்கு மாதத்தில் செய்தாலும் எட்டு மாதத்தில் செய்தாலும் எங்கள் கட்டணம் ஒன்றுதான். சினையான பிறகு வந்தால் ஆபரேஷன் நேரமும் மருந்தும் கூடுவதால் கட்டணமும் கூடும். குட்டி போட்டுவிட்டால் நாலு குட்டிக்கும் பூச்சி மருந்து, தடுப்பூசி, சளி, வயிற்றுப்போக்கு என்று மாதக்கணக்கில் எங்களிடம்தான் வருவீர்கள். காசு மட்டுமே கணக்கென்றால், "ஒரு ஈத்து போடட்டும்" என்று உங்களுக்குச் சொல்லும் முதல் ஆளாக நான் இருந்திருப்பேன். இதற்கு மேல் எப்படி விளக்குவதென்று எனக்குத் தெரியவில்லை.

சின்னக் குட்டிக்கு மயக்க மருந்து தாங்குமா என்ற பயம் நியாயமானது. இரண்டு விஷயத்தில் குட்டிகள் பெரிய பூனைகளைப் போல இல்லை: உடம்புச் சூடு சட்டென்று இறங்கும், ரத்தத்தில் சர்க்கரையும் இறங்கும். அதனால் குட்டி மேஜைக்கு வந்ததும் ஏசியை நிறுத்திவிடுவோம், அடியில் சூடான விரிப்பு இருக்கும், நாங்கள் வியர்வையில் நனைந்துதான் வேலை செய்வோம். பட்டினியும் அதிகம் கூடாது. பெரிய பூனைக்கு ராத்திரியிலிருந்து சாப்பாட்டை நிறுத்துவதைப் போலக் குட்டிக்குச் செய்யாதீர்கள், மூன்று நான்கு மணி நேரம் போதும். போன மாதம் ஒரு குட்டியை முந்தின நாள் மாலையிலிருந்தே பட்டினி போட்டுக் கொண்டுவந்தார்கள். துவண்டு போயிருந்தது. ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் சாப்பாடு கொடுத்தோம். மற்றபடி சின்ன உடம்பில் கொழுப்பு குறைவு, ரத்தப்போக்கு குறைவு, காயம் சிறியது, எழுவதும் சீக்கிரம்.

வளர்ச்சி குன்றிவிடும் என்கிறார்கள். குன்றாது. சீக்கிரம் செய்தால் எலும்பு நுனியில் வளரும் பகுதி மூடுவது தாமதமாகி, கால் எலும்பு ஒரு துளி நீளமாகவே வளரும். கடுவனுக்குச் சிறுநீர்க் குழாய் சுருங்கிவிடும் என்பதும் பழைய பயம், அளந்து பார்த்தவர்கள் வித்தியாசம் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். உண்மையில் கவனிக்க வேண்டியது எடை. ஆபரேஷனுக்குப் பிறகு பூனையின் சாப்பாட்டுத் தேவை கால்வாசி குறையும், பசியோ கூடும். கெஞ்சுகிறது என்று தட்டை நிரப்பாதீர்கள்.

எல்லாக் குட்டிக்கும் நான்கு மாதம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவில்லை. ஒன்றரைக் கிலோ வராத குட்டி, சளியோ கழிச்சலோ உள்ள குட்டி, தடுப்பூசி முடியாத குட்டியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், இனியும் அனுப்புவேன். பெர்ஷியன் மெதுவாகத்தான் பருவத்துக்கு வரும், அதற்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. கடுவனுக்கு விதை ஒன்று இறங்காமல் இருந்தால் பொறுத்துப் பார்ப்போம். கடுவனுக்கு ஆபரேஷன் ஆன பிறகும் ஒரு மாதத்துக்கு, கருத்தடை செய்யாத பெட்டையோடு விடாதீர்கள். இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன்: வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையின் உயிரை எடுத்துவிடும்.

இவ்வளவையும் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுப் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் நம் கிளினிக்கில் வேலை பார்த்த அக்கா. உங்கள் பூனைகளின் பெயர் எல்லாம் அவருக்கு மனப்பாடம். சித்திரையில் அவர் மகள் வீட்டோடு திருப்பூர் போய்விட்டார். அவர் இருந்திருந்தால் அந்த மூன்று நிறக் குட்டியின் பக்கத்து வீட்டுக்காரர்கள்வரை விஷயம் போய்ச் சேர்ந்திருக்கும், அந்தப் பதிவே வந்திருக்காது என்று தோன்றுகிறது. அவர் இடத்துக்கு ஆள் கிடைக்கும்வரை ஆபரேஷன் செவ்வாய், வெள்ளி மட்டும். மயக்க மருந்து, தையல் நூல் விலையால் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து கட்டணம் பெட்டைக்கு 700 ரூபாயும் கடுவனுக்கு 400 ரூபாயும் கூடுகிறது. ஏற்கெனவே தேதி வாங்கியவர்களுக்குப் பழைய கட்டணமே.

அந்தப் பதிவு வந்த மறுநாள் காலை கிளினிக்கைத் திறக்கத் தயக்கமாக இருந்தது. ஷட்டரைத் தூக்கும்போது வாசலில் மூன்று கூடைகள், மூன்றும் கருத்தடைக்கு வந்த குட்டிகள். யாரும் பதிவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "டாக்டர், காபி குடிச்சீங்களா?" என்றுதான் கேட்டீர்கள். அதற்கு நன்றி சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை, இன்றைக்குச் சொல்கிறேன்.

வரும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அந்தக் குட்டிக்குத் தையல் பிரிக்கிறோம். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பதிவைப் பேசியவருக்கு இந்த மடல் போய்ச் சேர்ந்தால், அவரும் வரட்டும். தையல் போட்ட இடத்தை அவர் கையாலேயே தொட்டுப் பார்க்கட்டும்.

அன்புடன்,
உங்கள் டாக்டர்