நூல் கோத்து வைத்த பத்து ஊசிகள்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து நான் வீட்டுக்கு வந்த அன்று எங்கள் வாசலில் கிடந்த செருப்புகளை எண்ண முடியாது. சாத்துக்குடி, ஆப்பிள், மீனாட்சி அம்மன் கோவில் குங்குமம், திருப்பரங்குன்றத்து விபூதி என்று வந்துகொண்டே இருந்தது. கீமோ நடந்த மாதங்களிலும் அப்படித்தான். அப்போது வந்தவர்களுக்கெல்லாம் நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். இந்த மடல் அதற்குப் பின்னால் வந்த மூன்று வருடங்களுக்கு. முடி வளர்ந்துவிட்டது, ஆள் தேறிவிட்டாள், அனுப்பானடியில் தையல்கடையைத் திறந்துவிட்டாள் என்று எல்லோரும் நிம்மதியான பிறகு, தினம் ஒரு சின்ன மாத்திரையோடு நான் பட்ட பாட்டைக் கண்டுகொண்டவர்கள் சிலர்தான். அந்தச் சிலருக்கு எழுதுகிறேன்.

மாத்திரை ஏன் என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் கட்டியைச் சோதித்துப் பார்த்ததில் அது ஹார்மோனால் வளர்கிற வகை என்று வந்தது. மார்பகப் புற்றுநோயில் பெரும்பகுதி இந்த வகைதானாம். "எனக்கு மாதவிலக்கு நின்று மூணு வருஷம் ஆச்சே, இன்னும் என்ன ஹார்மோன்?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். என் தொழில் தெரிந்தவர் என்பதால் என் பாஷையிலேயே சொன்னார்: "சினைப்பை ஓய்ஞ்சாலும் சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற அட்ரீனல் சுரப்பியிலருந்து துணி வந்துகிட்டே இருக்கும்மா. உடம்புக் கொழுப்புல அரோமடேஸ்னு ஒரு மெஷின் இருக்கு. அது அந்தத் துணியை ஈஸ்ட்ரோஜன்கிற ஹார்மோனா தைச்சுடும். நாம மெஷினை நிறுத்தப் போறோம்." லெட்ரோசோல், தினம் ஒன்று, ஐந்து வருடம். 2022 அக்டோபரில் ஆரம்பித்தேன்.

சாப்பிடுவதற்கு லேசான மாத்திரை. கீமோ மாதிரி வாந்தி இல்லை, ஒன்றும் இல்லை. தை மாதம் பிறந்ததும்தான் தெரிந்தது. கல்யாண ஜாக்கெட்டுகள் குவிந்து கிடக்கின்றன, காலையில் எழுந்தால் விரல் மடங்கவில்லை. வலது கை நடுவிரல் மடங்கினால் நிமிராது. இடது கையால் பிடித்து இழுத்தால் டக்கென்று சொடுக்கிக்கொண்டு நிமிரும். கட்டிலை விட்டு இறங்கினால் முதல் பத்து அடிக்குப் பாதம் இரண்டும் ஊன்ற முடியாது. உடம்பு இளகி வர முக்கால் மணி நேரம் ஆகும். முப்பது வருடமாக என் கையோடு ஒட்டிக்கிடந்த கத்தரிக்கோலின் வளையத்தில் கட்டைவிரலை நுழைக்கப் பயந்தேன்.

அப்புறம் அந்தச் சூடு. நெஞ்சிலிருந்து கிளம்பிக் கழுத்து, காது என்று ஏறும். மதுரை வெயில் எனக்குப் புதிதில்லை, அழகர் ஆற்றில் இறங்குவதைச் சித்திரை வெயிலில் நின்று பார்த்து வளர்ந்தவள். இது அந்தச் சூடு இல்லை. அடுப்பு உள்ளே இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கும்போதே நெற்றி வியர்வை மேசையில் கிடக்கும் பட்டுத்துணியில் சொட்டிவிடுமோ என்று பதறுவேன். ராத்திரியில் மூன்று தடவையாவது நனைந்து எழுந்திருப்பேன். தூக்கம் போனதும் பொறுமையும் போனது. வாடிக்கையாளர்களிடம் எரிந்து விழுந்தேன். அவர்களில் யாராவது இதைப் படித்தால் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

அவசரத்துக்குப் போன வேறொரு இடத்தில் வலியைப் பற்றிச் சொன்னபோது, "வயசானா இதெல்லாம் வரத்தாம்மா செய்யும்" என்று முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார்கள். உயிர் பிழைத்தவள் விரல் வலிக்கிறது என்று புலம்பக்கூடாது போலிருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டேன். ஆகஸ்ட் மாதம் நானாகவே மாத்திரையை நிறுத்தினேன். வீட்டுக்காரர் சந்தேகப்படாமல் இருக்கக் காலி அட்டையை வழக்கமான இடத்திலேயே வைத்திருந்தேன். இதை இன்றுதான் அவருக்கே வெளிப்படையாகச் சொல்கிறேன்.

கண்டுபிடித்தது மருந்துக்கடைத் தம்பி. பேண்ட் உயரம் குறைக்க வேண்டும் என்று கடைக்கு வந்தான். இரண்டு பேர் நின்றிருந்தார்கள், அவர்கள் போகும்வரை காத்திருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "அக்கா, மூணு அட்டை வாங்கிட்டுப் போய் அம்பது நாள் ஆச்சு. வேற கடையில வாங்குறீங்களா?" எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபது நாளாகச் சாப்பிடவில்லை என்று முதன்முதலில் அவனிடம்தான் சொன்னேன். அவன் பயமுறுத்தவில்லை. "நிறுத்துறதா இருந்தாலும் டாக்டர்கிட்டச் சொல்லிட்டு நிறுத்துங்கக்கா. வலிக்குதுன்னு சொன்னாத்தானே வேற வழி பார்ப்பாங்க" என்றான். நாளைக்கே போகிறேன் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் கிளம்பினான். தம்பி, உனக்கு எத்தனையோ பேர் மாத்திரை வாங்க வருகிறார்கள். என் அட்டைக் கணக்கை நீ மனதில் வைத்திருந்தாயே. அதற்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மா திட்டுவார் என்று நடுங்கிக்கொண்டு போனேன். அவர் என் வலது கையை வாங்கித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தார். நடுவிரல் சொடுக்கியதைக் கேட்டதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இது உங்க கற்பனை இல்லம்மா. இந்த வகை மாத்திரை சாப்பிடுறவங்கள்ல பாதிப் பேருக்கு மூட்டு வலி வருது. இத்தனை நாள் இதோடயா தைச்சீங்க?" என்றார். அம்மா, நீங்கள் மாற்றித் தந்த மருந்துக்கு முன்னால், அந்தக் கேள்விக்கு என் நன்றி. யாரோ நம்பிவிட்டார்கள் என்று தெரிந்ததுமே பாதி பாரம் இறங்கிவிட்டது.

இன்னும் ஒரு வாரம் உடம்புக்கு ஓய்வு கொடுத்துவிட்டு எக்ஸிமெஸ்டேன் என்ற வேறு மாத்திரைக்கு மாற்றினார். வேலை அதே வேலைதான், ஆனால் ஒன்று ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்ளுமாம். இதைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட வேண்டும். எனக்கு ஒத்துக்கொண்டது. வலி முழுக்கப் போகவில்லை. ஆனால் முக்கால் மணி நேரம் கால் மணி நேரமாகக் குறைந்தது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொன்னதும் அவர்தான். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு தேயும் என்று அதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. அளவு மைனஸ் 1.8 என்று வந்தது. மைனஸ் 2.5 வரை இறங்கினால் எலும்புப்புரை, அதற்கு இன்னும் போகவில்லை என்றார். கால்சியம், வைட்டமின் டி, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டிரிப்ஸில் எலும்புக்கு ஒரு மருந்து. அந்த மருந்து ஏற்றுவதற்கு முன் பல் டாக்டரிடம் அனுப்பினார். மருந்து ஏறிய பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடுமாம். ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லை முதலிலேயே எடுத்துவிட்டு, புண் ஆறிய பிறகுதான் டிரிப்ஸ் போட்டார்கள்.

பிசியோதெரபி தங்கச்சிக்கு ஒரு தனி வணக்கம். வலிக்கிற உடம்பை அசைக்காமல் வைத்திருப்பதுதான் நல்லது என்று நான் நினைத்திருந்தேன். "நேர் எதிர்க்கா" என்றாள். 2015இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வைப் பற்றிச் சொன்னாள். இதே மாத்திரைகளால் வலி வந்த பெண்கள் வாரம் 150 நிமிடம் நடை, இரண்டு நாள் எடைப் பயிற்சி என்று ஒரு வருடம் செய்ததில் வலி ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்ததாம். என்னை வண்டியூர் தெப்பக்குளத்துக்குத் துரத்தினாள். குளத்தை ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல். முதல் வாரம் அரைச் சுற்றில் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது மூன்று சுற்று. எடைக்கு இரண்டு தண்ணீர் பாட்டில். அறுவை செய்த பக்கத்துக் கை வீங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் எடையைக் கூட்டினாள்.

வெளியில் பேசக் கூச்சமான ஒன்றையும் எழுதத்தான் போகிறேன். பெண்ணுறுப்பில் வறட்சி, எரிச்சல், கணவனும் மனைவியும் விலகிப் படுக்கிற நிலை. இதுவும் இந்த மாத்திரையால் வருவதுதான். இதைக் கேட்டது ஒரு நர்ஸ் அக்கா. திரையை இழுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "அந்த விஷயத்துல ஏதும் சிரமம் இருக்காம்மா?" என்று அவராகக் கேட்டார். ஹார்மோன் கலக்காத ஜெல் இருக்கிறது, கடையில் யாரோ சொன்னார்கள் என்று ஹார்மோன் க்ரீம் எதையும் டாக்டரைக் கேட்காமல் வாங்கிவிடக் கூடாது என்று விளக்கினார். அவர் கேட்காமல் இருந்திருந்தால் நான் சாகும்வரை சொல்லியிருக்க மாட்டேன்.

ஓ.பி. வரிசையில் பழக்கமான என் ராத்திரித் தோழிக்கும் நன்றி. அவளுக்கு 41 வயது, மாதவிலக்கு நிற்காதவள் என்பதால் டமாக்சிஃபென் சாப்பிடுகிறாள். மாத்திரை வேறு, வேர்வை ஒன்றுதான். அதிகாலை மூன்று மணிக்கு "முழிச்சிருக்கியாக்கா?" என்று மெசேஜ் வரும். முழித்துத்தான் இருப்பேன். ஒரு தடவை தேதி தப்பி ரத்தப்போக்கு வந்ததை அவள் சாதாரணமாகச் சொல்ல, அந்த மாத்திரையில் அதை உடனே காட்ட வேண்டும் என்று நர்ஸ் அக்கா முன்பு சொன்னது நினைவுக்கு வந்தது. விடிந்ததும் கூட்டிக்கொண்டு ஓடினேன். பயப்படும்படி ஒன்றும் இல்லை. திரும்பி வரும் வழியில் இரண்டு பேரும் ஜிகர்தண்டா குடித்தோம்.

அடுத்த தெரு டெய்லர் மதினி, நீங்கள் எனக்குத் தொழிலில் போட்டி. ஆனால் அந்தத் தை மாசத்தில் என் கடையிலிருந்து பதினெட்டு ஜாக்கெட்டை எடுத்துப் போய் ஹெம்மிங், ஹூக் எல்லாம் முடித்து என் பையிலேயே போட்டுத் திருப்பிக் கொடுத்தீர்கள். காசு வாங்கவில்லை. அவை என் வாடிக்கையாளர்களின் ஜாக்கெட் என்று வெளியில் மூச்சு விடவில்லை. இப்போது நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

மார்கழிக் குளிரில் நான் ஃபேனை ஐந்தில் வைக்க, ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு போர்வையைப் போர்த்திக்கொண்டு அதே அறையில் படுத்த என் வீட்டுக்காரருக்கும், தினம் கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும் முறை வைத்துக் கொடுக்கும் 78 வயது அத்தைக்கும் நன்றி என்று எழுதினால் அவர்களுக்கே கோபம் வரும். அதனால் இத்தோடு விடுகிறேன்.

கடைசியாக, எதிர் வீட்டுச் சின்னப்பிள்ளை. கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கிறவள். ஒருநாள் காலை நான் ஊசியில் நூல் கோக்க முடியாமல், எச்சில் தொட்டுத் தொட்டு நுனி பிசிறிப் போய், ஊசியைத் தரையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டாள். எதுவும் கேட்கவில்லை. மறுநாள் ஆறரை மணிக்கு வந்தாள். ஷட்டரைத் தூக்கிவிட்டாள். மேசையில் இருந்த ஜாக்கெட் துணிகளின் நிறத்தைப் பார்த்துப் பார்த்து நூல்கண்டு எடுத்து, பத்து ஊசியில் கோத்து, முனையில் முடிச்சும் போட்டு, பஞ்சு மெத்தையில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள். மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, அரக்கு. அதிலிருந்து இன்றுவரை, பரீட்சை நாளில்கூட அந்தப் பத்து ஊசி தவறியதில்லை.

இப்போது என் விரல் பரவாயில்லை, கண்ணு. சில நாள் நானே கோத்துக்கொள்கிறேன். இருந்தாலும் நீ வருவதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அடுத்த வருடம் நீ பட்டம் வாங்கும் அன்று கட்டப் போகிற சேலைக்கு ஜாக்கெட் நான்தான் தைப்பேன், வேறு யாரிடமும் துணியைக் கொடுத்துவிடாதே. கைத்தையல் உட்பட முழுக்க என் கையால். உனக்குத் தோள் கொஞ்சம் இறக்கம், பழைய அளவு சரிப்படாது. ஞாயிற்றுக்கிழமை அளவெடுக்க வா.

அன்புடன்,
அனுப்பானடி தையல்கடை அக்கா