செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

1929இல் வெளியான படங்கள் இவ்வாண்டு சனவரி 1 அன்று அமெரிக்காவில் பதிப்புரிமையிலிருந்து விடுபட்டன. அதையே சாக்காக வைத்து, அந்நாட்டின் தொடக்ககாலப் பேசும்படங்களில் கல்லூரிக் காதல் நகைச்சுவைகளைத் திரையிட்டோம். செயற்குழுவில் எதிர்ப்பு இருந்தது, நியாயமான எதிர்ப்புதான். கதை என்று பார்த்தால் பெரும்பாலும் ஒரு கால்பந்து ஆட்டம், ஒரு பெண், அவளுக்காக முட்டிக்கொள்ளும் இளைஞர்கள். பாடம் படிப்பவரைத்தான் காணோம்.

'சோ திஸ் இஸ் காலேஜ்' (1929) இந்த அச்சில் வார்த்த படம். கதை நடப்பது தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில். தமிழ்ப் படங்களை இயக்கிய நம் எல்லிஸ் ஆர். டங்கன் திரைக்கலை பயின்றதும் அங்குதான் என்று சொன்னதும், எதிர்த்தவர்களில் சிலர் முன்வரிசையில் வந்து அமர்ந்துவிட்டார்கள்.

'தி வைல்ட் பார்ட்டி' (1929) மௌனப்பட நட்சத்திரம் கிளாரா போவின் முதல் பேசும்படம். அன்றைய மைக் இருந்த இடத்தைவிட்டு நகராது; அதற்குப் பயந்து ஒரே இடத்தில் நிற்க அவரால் முடியவில்லை. இயக்குநர் டோரதி ஆர்ஸ்னர் மைக்கைத் தூண்டில் கழியில் கட்டி அவர் பின்னாலேயே கொண்டுபோகச் செய்தார் என்பார்கள். தெரிந்துகொண்டு பார்த்தால் வசனத்தைவிட அவருடைய நடையே கண்ணை இழுக்கிறது.

சேகரிப்பாளர்களின் ஆசையோ வேறு. முழுதாகக் கிடைக்கும் படம் அவர்களுக்குச் சுவைப்பதில்லை. 'குட் நியூஸ்' (1930) படத்தில் வண்ணத்தில் எடுத்த இறுதிப் பகுதி இன்று இல்லை. இல்லாத அந்தப் பகுதியைப் பற்றித்தான் அன்று இரவு வெகுநேரம் பேசினோம். அக்காலத்தில் பல படங்களுக்கு ஒலி தனி இசைத்தட்டில் வந்தது: 16 அங்குல அகலம், நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஒரு ரீலுக்கு ஒரு தட்டு, முள் உள்ளிருந்து வெளியே நகரும். சுருள் ஓரிடம், தட்டு ஓரிடம் என்று பிரிந்து, ஊமையாகிப்போன படங்களும் உருவமில்லாத குரல்களும் எஞ்சின. இவற்றைச் சேர்த்துவைக்க அமெரிக்க இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் 1991இல், அந்தத் தட்டு முறையின் பெயரிலேயே, 'வைட்டாஃபோன் புராஜெக்ட்' தொடங்கினார்கள். கிராமபோன் தட்டுச் சேர்க்கும் நம் உறுப்பினர்கள் இதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்ததில் வியப்பில்லை.

நகைச்சுவை நடிகர்களான மார்க்ஸ் சகோதரர்களின் 'ஹார்ஸ் ஃபெதர்ஸ்' (1932) படத்துக்குத்தான் கூட்டம் அதிகம். நடிகை தெல்மா டாட்டின் அறைக் காட்சியில் படம் தாவித் தாவி ஓடியது புரொஜெக்டர் கோளாறு அல்ல. கிடைக்கும் பிரதியே அப்படித்தான். புகார் எழுதிய அன்பர் இதையே பதிலாக ஏற்க வேண்டுகிறேன்.

வரும் சனவரியில் 1930ஆம் ஆண்டுப் படங்களும் விடுபடுகின்றன. எவற்றைத் திரையிடலாம் என்று உறுப்பினர்கள் எழுதித் தரலாம். சந்தா நிலுவை உள்ளவர்கள் அதைச் செலுத்திவிட்டு எழுதினால் நலம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார். இவ்வறிக்கைக்குப் பேரவையின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்