பதில் வராத ரிக்வெஸ்டை என்ன செய்வது?

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடச் சொல், அவர் ஏமாற்றுவார். இங்கே எல்லோரும் நலம். பெரியவள் இனிமேல் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போவாளாம், வீட்டில் அதுதான் இப்போதைக்குச் சண்டை.

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக்குச் சின்னதாக ஒரு மெசேஜிங் ஆப் செய்துகொண்டிருக்கிறேன். பழம் பறிப்பவர்களுக்குக் கூலி கிலோக் கணக்கில். மேஸ்திரி எடை போட்டதும் பெயரையும் கிலோவையும் அனுப்புவார், கீழே சேலம் ஆபீஸில் அது கணக்கில் ஏறும். அவ்வளவுதான் வேலை. ஆனால் உன் ஆப்பைப் பற்றி நீ கேட்டிருந்தாயே, அதே கேள்விதான் எனக்கும்: அனுப்பியாயிற்று, பதில் வரவில்லை, அடுத்து என்ன?

"டைம்அவுட் ஆனால் திரும்ப அனுப்பிவிட வேண்டியதுதானே" என்று எழுதியிருந்தாய், அதாவது குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால். வம்பே அங்கேதான். ரிக்வெஸ்ட், அதாவது போன் சர்வருக்கு (கணக்கு ஏற்றும் அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு) அனுப்பும் கோரிக்கை, போய்ச் சேராமலே இருந்திருக்கலாம். அல்லது சேர்ந்து, சர்வர் வேலையை முடித்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். போனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பினால் 38 கிலோ 76 ஆகிவிடும். விட்டுவிட்டால் பழம் பறித்த அம்மாவின் கூலி போச்சு.

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் கொலுசுக்கு வெள்ளி கொடுத்தனுப்பும்போது உன் அப்பா நோட்டில் எழுதுவாரே, யாரிடம், எத்தனை கிராம், என்றைக்கு என்று. கொலுசு வந்து எடை பார்த்த பிறகுதான் அந்த வரியை அடிப்பார். என் ஆப்புக்குள் இருப்பதும் அந்த நோட்டுதான். ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ஒரு ஐடி, அனுப்பிய நேரம், எந்தக் கனெக்ஷனில் போனது, பதில் வந்தால் எந்த ஃபங்ஷனை, அதாவது கோடின் எந்தத் துண்டை, கூப்பிடுவது. இதை அனுப்புவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். அனுப்பிவிட்டுக் குறித்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், நல்ல வைஃபையில் பதில் முந்திக்கொண்டு வரும், யாருக்கு வந்தது என்று தெரியாமல் குப்பைக்குப் போகும்.

ஒரு ஐடி போதாது, இரண்டு வேண்டும். டெலிகிராம் ஆப் தன் சர்வரோடு பேசும் முறையான எம்டிபுரோட்டோவைப் பார். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு ஐடி உண்டு, சர்வரின் பதில் அந்த ஐடியைச் சொல்லித்தான் வரும். அது தவிர, பயனர் அனுப்பும் மெசேஜுக்கு போனே ஒரு ரேண்டம் ஐடி போட்டுவிடும். கனெக்ஷன் அறுந்து மறுபடி அனுப்பும்போது முதல் ஐடி மாறலாம், இரண்டாவது மாறவே கூடாது. அதே எண் திரும்ப வந்தால், இது ஏற்கெனவே வந்ததுதான் என்று சர்வர் ஒதுக்கிவிடும். நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டேன்: மேஸ்திரி பட்டனைத் தொட்டதும் எண் பிறந்து, மெசேஜோடு சேர்ந்து எஸ்க்யூலைட்டில், அதாவது போனுக்குள்ளேயே இருக்கும் சின்ன டேட்டாபேஸில், போய் உட்கார்ந்துவிடும். போன் அணைந்து எழுந்தாலும் அதே எண்தான். "டைப் செய்கிறார்" மாதிரிச் சில்லறைகளுக்கு இந்த மரியாதை தேவையில்லை, போனால் போகட்டும்.

அப்புறம் டைம்அவுட். ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு, உனக்குத் தெரியாததில்லை. சில வளைவுகளில் போனில் கோடு முழுசாக இருக்கும், டேட்டா ஒரு பைட் நகராது. டேட்டாவைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் டிசிபியைக் கேட்டால் கனெக்ஷன் உயிரோடுதான் இருக்கிறது என்று சாதிக்கும். லினக்ஸின் வழக்கமான அமைப்பில், அனுப்பியதற்கு எதிர்முனையிலிருந்து சத்தமே இல்லையென்றால், மறுபடி மறுபடி அனுப்பிப் பார்த்துக் கைவிடவே சுமார் 15 நிமிஷம் ஆகும். பஸ் அடிவாரத்துக்கே வந்துவிடும்! அதனால் நம் டைமரை நாமே வைத்து, "இருக்கிறாயா?" என்று சின்னதாக ஒரு பிங் அனுப்பி, அதற்கும் பதில் இல்லையென்றால் கனெக்ஷனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும். நோட்டில் அடிக்காத வரிகள் மட்டும் மறுபடி போகும்.

இந்தச் சமயத்தில் சிவப்பு ஆச்சரியக்குறி காட்டுவது எனக்குப் பிடிக்காது. அதைப் பார்த்தால் மேஸ்திரி பதறிப்போய் அதே எடையைப் புதிதாக அடித்து அனுப்புவார். அது புது எண், சர்வர் பாவம் என்ன செய்யும்? கடிகாரப் படம் போதும். வேண்டாம் என்று சர்வரே சொன்னால் மட்டும் சிவப்பு.

போனின் கடிகாரத்தையும் கவனி. எம்டிபுரோட்டோவில் பாக்கெட் ஐடியே நேரத்தை வைத்துத்தான் உருவாகிறது. 300 விநாடிக்கு மேல் பழையதாகவோ 30 விநாடிக்கு மேல் எதிர்காலத்திலோ இருந்தால் சர்வர் ஏற்காது. தோட்டத்தில் பாதிப் போன்கள் வாய்க்கு வந்த ஏதோ ஒரு தப்பு நேரத்தைக் காட்டுகின்றன. நான் ஐடிக்கு நேரத்தை நம்பவில்லை.

கேன்சல் பற்றிக் கேட்டிருந்தாய். பயனர் திரையை மூடினால் கூப்பிட வேண்டிய ஃபங்ஷனை மட்டும் எடுத்துவிடு, வரியை அடிக்காதே. சர்வர் அந்நேரம் வேலையை முடித்திருக்கலாம், பதில் வரட்டும். உன் கோடில் வரி எத்தனை இடத்தில் அழிகிறது என்று ஒருமுறை தேடிப் பார். பதில், பிழை, கைவிட்டது எதுவானாலும் ஒரே ஃபங்ஷன் வழியாகத்தான் போக வேண்டும். இரண்டு இடத்தில் அழிந்தால், நீ எழுதியிருந்த, திரையில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும் அந்த வட்டம் அங்கிருந்துதான் வருகிறது. அந்தப் பகுதியை மட்டும் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

பொங்கலுக்கு வருவாய்தானே? மேலே பறிப்பு நடந்துகொண்டிருக்கும், ஒரு நாள் கூட்டிப் போகிறேன். இறங்கி வந்ததும் தட்டுவடை செட் உன் செலவு.

அன்புடன்,
உன் மச்சான்