ஊர்க் குழுக்கள் கூட்டம்: ஞாயிறு காலை 10 மணி

அனைவருக்கும் வணக்கம்.

வாசிப்பு வட்டம், விளையாட்டுக் குழு, பெண்கள் குழு, மூத்தோர் குழு எல்லாவற்றுக்கும் இருப்பது ஒரே பொதுக்கூடம். போன மாதம் ஒரே மாலையில் இரண்டு குழுக்கள் வந்து நின்று, வயதானவர்கள் திரும்பிப் போனார்கள். அது எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது. இனி அப்படி நடக்காமல் இருக்க எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவோம்.

நாள்: வரும் ஞாயிறு, காலை 10 முதல் 11.30 வரை
இடம்: பொதுக்கூடம்

1. குழுவுக்கு இரண்டு பேர் வரவும். ஒருவர் இதுவரை பொறுப்பில் இல்லாதவராக இருந்தால் நல்லது.
2. அடுத்த 3 மாதங்களுக்குக் கூடம் தேவைப்படும் நாளையும் நேரத்தையும் எழுதி வரவும்.
3. வரவு செலவு நோட்டைக் கொண்டு வரவும். யார் மேலும் சந்தேகம் இல்லை. பணம் வைத்திருப்பவர் ஒருவர், கணக்கைச் சரிபார்ப்பவர் இன்னொருவர் என்றால் இருவருக்குமே பாதுகாப்பு. வங்கியில் பணம் எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும் என்ற முறையையும் முடிவு செய்வோம்.
4. நாற்காலி, ஒலிபெருக்கி, கூடத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்று சொல்லவும்.

அப்புறம் ஒன்று. இந்தக் கைபேசிக் குழுவில் இல்லாதவர்கள், கைபேசியே இல்லாதவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் அப்படி யாராவது இருந்தால் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். நடக்க முடியாதவர்களை அழைத்து வர வண்டி தரக்கூடியவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பவும்.

வருகிறவர்கள் பெயரை வெள்ளி இரவு 8 மணிக்குள் இங்கே பதிவிடவும். வர முடியாவிட்டாலும் ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள்.