மனச்சிதைவு நோயாளிகளின் உடல் எடையையும் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனச்சிதைவு நோயாளிகள் உடல் பருப்பதைச் சோம்பலின் விளைவென்று வீட்டாரே பேசுவது வேதனை அளிக்கிறது. இந்நோய்க்குத் தரப்படும் ஓலன்சபின், குளோசபின் போன்ற மருந்துகள், மூளையில் ஹிஸ்டமின், செரட்டோனின் என்னும் வேதிப்பொருள்களின் செய்தியை வாங்கும் ஏற்பிகளைத் தடுப்பதால் பசி பெருகி, வயிறு நிறைந்த உணர்வு மங்கிவிடுகிறது. இரவுச் சாப்பாடு முடிந்த சிறிது நேரத்திலேயே, நோயாளியான என் தம்பி மீண்டும் சோற்றுப் பானையைத் திறப்பதைப் பார்க்கிறேன். "இப்பதானேடா சாப்பிட்டே" என்று அம்மா அதட்டுவதால் அந்தப் பசி அடங்குவதில்லை.

இந்நோயாளிகளின் ஆயுள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் வரை குறைவதற்கு இதயநோய் ஒரு முக்கியக் காரணம். இம்மருந்துகளைத் தொடங்கும்போதே எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பதிவுசெய்து தொடர்ந்து கண்காணிக்க வேண்டுமென்று அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் அந்நாட்டு மனநல மருத்துவர் சங்கமும் 2004-லேயே வலியுறுத்தின. நாங்கள் செல்லும் புறநோயாளிப் பிரிவிலோ, தூக்கத்தையும் பேச்சையும் விசாரித்து மாத்திரை எழுதித் தருவதோடு சரி.

பயந்துபோய் மாத்திரையைத் தாமாக நிறுத்துவது தீர்வன்று, நோய் திரும்பிவிடும். எடையை அவ்வளவாகக் கூட்டாத மருந்துக்கு மாற்றுவதையும், எடை கூடுவதைக் குறைக்க உதவும் மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையைச் சேர்ப்பதையும் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். வீட்டில் சர்க்கரை போட்ட தேநீருக்கும் பிஸ்கட்டுக்கும் பதிலாக மோரும் சுண்டலும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடுதேடி வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கும் பணியாளர்கள், மனநல மருந்து உட்கொள்வோரை, அவர்கள் இளவயதினராயினும், தவறாமல் பரிசோதிக்க அரசு ஆணையிட வேண்டும்.

இப்படிக்கு,
நோயாளி ஒருவரின் அக்கா,
தஞ்சாவூர்